வேகம் குறையும் இடம்

மஸ்கட்

அன்புள்ள ரூபீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நன்றாக இருக்கிறேன். அம்மிக்கு முட்டிவலி கம்மியானதா? அயான் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

இங்கே ஒரு வேடிக்கை. என் வண்டியில் இருக்கிற ஜிபிஎஸ், நான் ஓட்டும் தூரம், வேகம் எல்லாவற்றையும் ஆபீசுக்குச் சொல்லிவிடும். நிஸ்வா போகும் வழியில் தினமும் ஒரே இடத்தில் என் வேகம் குறைகிறதாம். கருவியில்தான் கோளாறு என்று வேறொன்றை மாட்டினார்கள். அதுவும் அதே இடத்தைத்தான் காட்டியது.

சூப்பர்வைசர் வேலூர்க்காரர். "ரோடு காலியாத்தானே கெடக்கு, அங்க மட்டும் ஏன்பா ஸ்லோ பண்ற?" என்று கேட்டார்.

"பிரேக் செக் பண்றேங்க" என்றேன். சிரித்துவிட்டார். நீ பயப்படாதே.

அந்த இடத்தில் ஒரு மலை தெரியும், ரூபீனா. நம் மொட்டைமாடியில் நின்றால் அண்ணாமலை எப்படித் தெரியுமோ, அச்சு அசல் அப்படியே.

இதைக் கொண்டுவரும் ரஷீத் பாய் திரும்பும்போது வறுத்த மல்லாட்டை கொடுத்தனுப்பு, இங்கே கிடைக்கிற வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை. மாடியில் ஒரு போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு அதையும் கொடு. வண்டியில் ஒட்டிக்கொள்கிறேன். மலை மட்டும் போதாது, முன்னால் நீயும் அயானும் நிற்க வேண்டும்.

லோடு ஏற்றியாகிவிட்டது, கூப்பிடுகிறார்கள். இன்றைக்கும் அந்த வழிதான்.

உன் அப்சல்