அண்ணன் பெயர் நீங்கிய வாரம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. சோப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.

புதன்கிழமை ஸ்டேஷனில் ரவுடி பரேட்; பட்டியலில் இருப்பவர்களை வரிசையில் நிறுத்தி மிரட்டுவார்கள். அண்ணன் இன்றே சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தான். முடி நீளமாக இருந்தால் இன்ஸ்பெக்டர் எல்லார் முன்னாலும் பிடித்து இழுப்பார்.

ஏழு வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒரு சண்டை. வேடிக்கை பார்த்தவர்களையும், அண்ணன் உட்பட, போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. கோர்ட் அண்ணனை விட்டுவிட்டது. ஸ்டேஷனின் ரவுடிப் பட்டியல் விடவில்லை. பெயரை நீக்கக் கேட்டு நான் எழுதியது மூன்று மனு. பதில் இல்லை.

நான் இப்போது படிக்கும் புத்தகத்தில் தண்டனை பற்றி நீண்ட அத்தியாயம். பயந்து சலூனுக்குப் போவது அதில் வரவில்லை.

ஜூலை 9, புதன்

லீவு போட்டு அண்ணனோடு போனேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். மைதானத்தில் நாற்பது பேர் வரிசையாக. பாதிப் பேர் எங்கள் ஏரியா. பெயிண்டர், ஆட்டோக்காரர், ஏசி மெக்கானிக்கான அண்ணன்.

இன்ஸ்பெக்டர் நான்கு பெயரைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணனும் அதில். உள்ளே கூட்டிப் போனார்கள்.

அண்ணன் கையில் ஒரு தாளோடு வந்தான். என்னிடம் நீட்டினான்.

"இன்னா போட்டிருக்கு பாப்பா?"

கன்னடத்தில் இருந்தது. அண்ணனுக்கு அது படிக்க வராது. இரண்டு தடவை படித்தேன்.

"பட்டியல்லேர்ந்து உன் பேரை எடுத்துட்டாங்கண்ணா."

"நிஜமாவா? சீல் இருக்கா பாரு."

இருந்தது. வீட்டில் அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏழு வருஷம் அலையவுட்டுட்டு ஒரு சாரின்னு கூட எழுதலியா, பாவிங்க!"

பிறகு அழுதாள். பிறகு கேசரி.

ஜூலை 10, வியாழன்

நன்றாகத் தூங்கினேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். பத்து மணிக்கு வாசலில் சத்தம். ஒரு கார் ரிவர்ஸில் வந்து அண்ணன் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "ஸ்லம் பசங்க, ரோட்டுலயே நிறுத்துவீங்களா?" என்றார்.

இத்தனை வருடமும் இப்படி நடந்தால் அண்ணன் தலை குனிந்து வண்டியை நிமிர்த்திக்கொண்டு வந்துவிடுவான். தெருவில் எந்தத் தகராறு என்றாலும் போலீஸ் முதலில் அவனைத்தான் தேடும்.

இன்று அண்ணன் கத்தினான், "யாருய்யா ஸ்லம் பசங்க? இறங்கு கீழே! பின்னால கண்ணு தெரியலயா?"

நான் அவனைத் தடுக்க ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இருடி. கத்தட்டும்."

பாதியில் அவனுக்குக் குரல் கம்மிவிட்டது. கத்திப் பழக்கமில்லை. இருமிச் சரிசெய்துகொண்டு மறுபடி ஆரம்பித்தான்.