தலைப்பாகை கட்ட இன்னும் 76 நாள்

1980 நவம்பர் 5, புதன்கிழமை, மதியம் 1.55. உன் கடைசிக் கடிதத்தில் இருந்த தேதிக்கு இன்றோடு 48 நாள்.

அன்புள்ள அண்ணன் தீர்த்தகிரிக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தம்பி வேடியப்பன் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம், பாஸ்ராவில் நீயும் இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதச் சொன்னாள். சாமை அறுப்பு முடிந்தது. செந்தாமரை அண்ணி சாப்பிடுகிறாள், வேலை செய்கிறாள், பேசுவதில்லை. அம்மாவும் அழுவதில்லை.

அங்கே இரண்டு நாட்டுக்கும் சண்டை தொடங்கியதிலிருந்து நம் ரேடியோவைச் சுற்றித்தான் ஊர். அமெரிக்காவில் தேர்தல் என்றதும் அதையே பிடித்துக்கொண்டார்கள், புதிதாக வருகிறவர் ஒரு வார்த்தை சொன்னால் சண்டை நின்றுவிடுமாம். நம் மலையில் புது ஊர்க்கவுண்டர் பதவிக்கு வந்து தலைப்பாகை கட்டிய அன்றே பழைய பகையை அறுத்து இரண்டு பக்கமும் ஒரே சட்டிக் கூழைக் குடித்தாக வேண்டுமே, அந்தக் கணக்கு. அங்கே அப்படி இல்லை என்று ஐ.டி.ஐ. படித்த நான் சொன்னால் யார் கேட்கிறார்கள். இன்று மதியச் செய்தியில் புதியவர் ஜெயித்ததாக வந்தது. சினிமாவில் நடித்தவராம் என்றேன், அதனால் இன்னா, நம்ம ஊர்லயும் அப்படித்தானே என்றார் பக்கத்து வீட்டு அர்ச்சுனன் மாமா. அம்மா எழுந்து போய் அண்ணியிடம் கூழுக்கு உலை வைக்கச் சொன்னாள், சண்டை இன்றே தீர்ந்ததாம். ஜெயித்தவர் ஜனவரி 20-இல்தான் பதவி ஏற்பார், இன்னும் 76 நாள், அதுவரை தோற்றவர்தான் தலைவர் என்று நான் போட்டு உடைத்தேன். தோத்தவன் சொன்னா எவன்டா கேப்பான் என்றாள். யாரும் அடுப்பை அணைக்கவில்லை, உலை வற்றும்வரை கொதித்தது.

பிறகு அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "அவன் வந்து குந்தறவரைக்கும் நீ அங்க குந்திக்கினு இருக்காத. சம்பளம் போனா போவுது, பொட்டியும் போவட்டும். எவன் வண்டி தெக்கால போனாலும் ஏறிக்கினு வந்துடு." வரைபடத்தில் பார்த்தேன், தெற்கே குவைத். அவள் சொல்வது சரி. பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடம் விட்டிருந்தால் முதலில் அதை வாங்கு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மலைச்சாமி உனக்கு முன்னால் நடக்கட்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
அம்மா மாதம்மாள் (இடது பெருவிரல் ரேகை)

வேடியப்பன் நான் செய்யப்போவது:
1. நாளைக் காலை ஜீப்பில் திருப்பத்தூர் போய் இதைப் பதிவுத் தபாலில் போடுவேன்.
2. உன் கம்பெனியின் பம்பாய் ஆபீசுக்குத் தந்தி கொடுப்பேன்.
3. பத்து நாளில் பதில் இல்லையென்றால் நேரில் பம்பாய் போவேன்.
4. எந்தச் செய்தி வந்தாலும் ஒரு வரி விடாமல் அம்மாவுக்கும் அண்ணிக்கும் படித்துக் காட்டுவேன்.