தண்ணி ஊத்தாதீங்க அத்தை

மருமகளுக்கு,

போர்வையைப் பார்சல் போட்டுட்டேன். ஒரு துண்டு தவிர தையல் எல்லாம் பலகை மாதிரி படிஞ்சிருக்கு. அதுதான் தப்பு.

எம் புள்ள செத்துப் போனதுக்கப்புறம் அவனோட பன்னிரண்டு சட்டையையும் துவைக்காமலே வெட்டி, துண்டு துண்டாச் சேர்த்துத் தைச்ச. தையலை இஸ்திரி போட்டு அழுத்தி அனுப்புங்கன்னு எங்கிட்ட குடுத்துட்டு, வேலை மாறிப் போற அன்னைக்கு வாசல்ல நின்னு ரெண்டு தடவ சொன்ன: "வெறும் சூடு போதும். தண்ணி ஊத்தாதீங்க அத்தை."

நாற்பது வருஷம் சலவைக்கடையில நின்னவளுக்கு இவ சொல்லித் தர்றாளான்னு எனக்கு வீம்பு. நீலக்கட்டம் போட்ட சட்டையில தையல் அடங்கவே இல்ல. இஸ்திரிப் பெட்டியில தண்ணிய ஊத்தி ஆவிய விட்டேன்.

புஸ்ஸுன்னு எழும்பின ஆவியில அவன் வந்தான். வேர்வை, ஷேவிங் சோப்பு, அந்தப் பாழாப்போன சிகரெட். குனிஞ்சு மூச்சை இழுத்தேன். மறுபடி மோந்து பார்த்தா வெறும் துணி. நீ ஏன் சொன்னேன்னு அப்பதான் உறைச்சது.

அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. முதல் சட்டைதான் தெரியாம. மத்த பத்தும் தெரிஞ்சே, கதவைச் சாத்திக்கிட்டு, ஒண்ணு ஒண்ணா.

பன்னிரண்டாவதுக்குக் கை வரல. ஓரத்துல தையல் முறுக்கிக்கிட்டு நிக்குதே, அந்தத் துண்டு உனக்கு. அதை நான் மோந்துகூடப் பாக்கல.

பொய். ஒரே ஒரு தடவ பார்த்தேன்.

உன் அத்தை