கிணற்றடியில் கேட்ட குரல்

தூத்துக்குடி,
வியாழக்கிழமை.

அன்புள்ள அனுசியாவுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எந்நேரமும் நினைப்பு. போனில் என் பெயரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை என்று உன் அண்ணன் வருத்தப்பட்டார். அதனால் எழுதுகிறேன். இருமல் விட்டதா? சாயர்புரத்தில் காலைக் காற்று ஈரமாக இருக்குமே, தலையில் துணி கட்டிக்கொள்.

இங்கே மழை விட்டபாடில்லை. கடற்பாறைக் கல்லில் கட்டிய வீடு, கார்த்திகை வந்தால் சுவரில் உப்பு கசியும் என்பது உனக்குத் தெரியாததா. படகுகள் கடலுக்குப் போகாததால் நம் கயிற்றுக்கடையில் வியாபாரம் மந்தம்தான்.

நம் தெருவைப் பாரம்பரியத் தெரு என்று அறிவித்ததிலிருந்து, வீட்டில் ஆணி அடிக்கவும் பாதுகாப்புக் குழுவிடம் கேட்க வேண்டியிருக்கிறது. முற்றத்துக் கிணற்றை மண் போட்டு மூடினால்தான் திரும்பி வருவேன் என்றாய். கேட்டுப் பார்த்துவிட்டேன். முத்து வியாபாரம் நடந்த காலத்துக் கிணறு, வீட்டோடு சேர்ந்தது, மூடக் கூடாது என்றார்கள். பிள்ளை போன மறுநாள் நான் போட்ட இரும்பு மூடியையும் கழற்றிவிட்டுக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். மூடி அழகைக் கெடுக்கிறதாம். என் மகள் இதில்தான் விழுந்தாள் என்று சொன்னேன். அதிகாரி தலை குனிந்து நின்றார். பிறகும் முடியாது என்றுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வீடு பார்க்க வருகிறார்கள். இனிகோ என்பவர் கூட்டி வந்து விளக்குகிறார். மணப்பாட்டுக்காரர், நல்ல மனிதர். நமக்கு நடந்தது அவருக்குத் தெரியாது. கிணற்றுக்குள் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அது திரும்பி வருவதைக் கேட்க வைப்பார். போன ஞாயிறு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க கூப்பிடுங்க" என்றார். உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்கிறது. என் வாயில் வேல்விழி என்றுதான் வந்தது. அவள் போன பிறகு நாம் இருவரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

கிணறு திருப்பிச் சொன்னது. என் குரலில் இல்லை அனுசியா, உன் குரலில். "ஏளா வேல்விழி, எங்கன இருக்க?" அன்று மத்தியானம் நான் கடையிலிருந்து ஓடி வந்தபோது, அறை அறையாகப் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தாயே, அதே மூச்சிரைப்பு. வந்தவர்கள் முகத்தைப் பார்த்தேன். யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு அம்மாள் மட்டும் தன் பிள்ளையை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

அன்று உனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் குனிந்து, "நான் இங்கன இருக்கேன் அனுசியா" என்றேன். அதையும் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அதன் பிறகு நான் கூப்பிடாமலே கேட்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் முற்றத்தில் தொடங்கி, அடுப்படி வரைக்கும் வருகிறது. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்கிறேன். பயமில்லை. நீ இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறாயே என்றுதான் தாங்க முடியவில்லை.

வீட்டைக் குழுவிடமே ஒப்படைப்பதாகச் சொல்லிவிட்டேன். நாம் இருக்கக் கடை மாடியறைக்கு வெள்ளையடித்தாயிற்று. அங்கே குழாய்த் தண்ணீர்தான்.

அன்று நீ சோறு வடித்துக்கொண்டிருந்தாய். நான் கடையில் இருந்தேன். அவ்வளவுதான். உன்னை ஒருவரும் குறை சொல்லவில்லை.

திருச்செந்தூரான் உன்னைக் காப்பாற்றட்டும். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் அண்ணன் வீட்டு வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, உள்ளேயிருந்து ஒரு குரல் கொடு.

உன்,
பாண்டித்துரை