பையனுக்கும் உளுந்தங்களி

மடுல்சீமை, இலங்கை,
1912, ஐப்பசி 9.

சௌபாக்கியவதி விசாலாட்சிக்கு ஆசீர்வாதம். நானும் நம் மகன் அழகரும் சுகம். உன் முட்டுவலி தேவலையா?

அழகர் ஒரு மாதமாக வாயே திறக்காமல் இருந்தான். அவன் குரல் உடைந்ததை, பள்ளிக்கூடம் நடத்தும் நானே சளி என்று நினைத்துக் கஷாயம் கொடுத்தேன்; உனக்கும் அப்படியே எழுதினேன். அவனோ தீராத வியாதி என்று பயந்து, மீசை அரும்பிய உதட்டைத் துண்டால் மூடிக்கொண்டு திரிந்தான்.

உன் கடிதம் வந்துதான் எனக்குப் புத்தி வந்தது. "அவன் அக்கா பெரியவளானப்ப ஊரைக் கூட்டிச் சொன்னோம். இவன் பெரியவனாகிறதை இவன் காதுலயாவது சொல்லுங்க. அவளுக்குக் கிண்டின உளுந்தங்களியை இவனுக்கும் கிண்டிக் கொடுங்க" என்று எழுதியிருந்தாயே! இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு அது தோன்றவில்லை.

நேற்றுக் கிண்டினேன். கொஞ்சம் அடிபிடித்துவிட்டது. வாசனைக்கு அடுத்த வீட்டு ரெங்கம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க வாத்தியாரே, பொண்ணு இல்லாத வீட்டுல யாருக்குச் சடங்கு?" என்றாள்.

"எங்க பையனுக்குத்தான்."

அழகர் சிரித்துவிட்டான். அவன் விரலை என் தொண்டை முடிச்சில் வைத்து, அவன் வயதில் எனக்கும் இப்படித்தான் குரல் உடைந்தது என்றேன்.

"அப்ப வியாதி இல்லையாப்பா?" என்றான்.

கருப்பட்டியும் அவனுக்கு ஒரு நாலு முழ வேட்டியும் இங்கே வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பு. தபால் போகும் நேரமாகிவிட்டது. அழகர் இதை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறான். பாதி அவனுடைய பழைய குரல், பாதி என் குரல். நீயும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கலாம்.

உன்
ரெங்கசாமி