நாள் முழுக்க நிற்பவர்களுக்கு

மார்ச் 4

தம்பிக்கு,

போனில் பேசினால் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை.

நீ பக்கத்து ஊரில் தனியாகச் செருப்புக் கடை போட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ‘நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கு’ என்று பலகை மாட்டியிருக்கிறாயாமே. குழந்தை முதல் கிழவர் வரை வந்தால்தானே அது கடை? பத்து வருஷம் என் கடையில் இருந்து இதைத்தான் கற்றாயா?

நேற்று சரக்கு இறக்க வந்தவர், "உங்க தம்பி கடையில ஒரே கூட்டம், உட்கார இடம் இல்லீங்க" என்று என்னிடமே சொல்கிறார். சிரித்து வைத்தேன். மதியம் சோறு இறங்கவில்லை.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

கடை திறக்குமுன் இரண்டு வாரம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து கால்களையே பார்த்தேன். யார் நொண்டுகிறார்கள், யார் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று. நர்ஸுகள், காவலாளிகள், துணிக்கடைப் பெண்கள், வாத்தியார்கள். அழகான செருப்புக்கு உங்களிடம் வருவார்கள். வலிக்காத செருப்புக்கு அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. யாருக்கு என்று முடிவான பிறகுதான் எதை வாங்கி அடுக்குவது என்றே எனக்குப் பிடிபட்டது.

கல்யாணத்துக்குச் செருப்பு கேட்டு வருபவர்களை உங்களிடம்தான் அனுப்புகிறேன்.

உங்கள் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

நீ அனுப்பித்தான் என் கடை நடக்க வேண்டுமா?

நேற்று கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். செய்தித்தாளில் சுற்றி ஒரு ஜோடி கறுப்பு ஷூ. என் சரக்கு இல்லை. உன் அண்ணியைக் கேட்டேன். "ஆமா, உங்க தம்பி கடைதான்" என்றாள். நான் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு கிளம்பி, தெருமுனை தாண்டியதும் மாற்றிக்கொள்கிறாளாம்.

ஊரெல்லாம் போதாதென்று என் வீட்டிலுமா ஆள் பிடிக்கிறாய்? இதற்குப் பதில் போடாதே.

அண்ணன்

மார்ச் 23

அண்ணா,

போடாதே என்றீர்கள், போடுகிறேன். அண்ணியை நான் கூப்பிடவில்லை. அவரே வந்தார், வந்ததும் உட்கார்ந்துவிட்டார். "மூணு வருஷமா குதிகால் குத்துது" என்றார்.

"அண்ணன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். புதுசா வந்ததுல அழகான ஜோடியா எடுத்துக் கொடுத்தார். இதை அவர்கிட்ட சொல்லிடாதே, மனசு விட்டுப்போயிடும்."

அதனால்தான் சொல்லவில்லை.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

பத்து நாளாக உன்மேல் கோபம். இன்னும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் காலை என் மடியில் எடுத்து வைத்தேன். "விடுங்க, யாராவது பார்க்கப் போறாங்க" என்று இழுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் கால்களை மடியில் வைத்துப் பார்த்தவன், இதைப் பார்த்ததில்லை. குதிகால் தடித்து வெடித்திருக்கிறது. இடது பாதம் வலதைவிட அரை சைஸ் பெரியது. நான் இத்தனை காலமும் இரண்டுக்கும் ஒரே அளவுதான் கொடுத்திருக்கிறேன்.

"இனி எதைப் போடுவே?" என்று கேட்டேன்.

"நீங்க எதைக் கொடுக்கிறீங்களோ அதை" என்றாள். அதுதான் தாங்கவில்லை.

அவளுக்கானது என் கடையில் இல்லை. இரண்டு பாதங்களையும் தாளில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒளித்துப் போட்டதை இனி அவள் போட வேண்டாம், புதிதாக ஒரு ஜோடி அனுப்பு. உன் கடைப் பெயர் போட்ட பெட்டி வேண்டாம், வெறும் பெட்டியில் அனுப்பு. நானே அவளுக்கு மாட்டிவிடுகிறேன்.

அண்ணன்