பெரிதாக்கி வைத்த பாட்டு

என் செல்லத் தங்கச்சி ஜெசிக்கு,

நான் பியானோ படிக்கிறேன் என்று சொன்னால் நீ நம்புவாயா? ஐம்பத்தாறு வயதில், தேயிலைத் தோட்ட ஆபீஸில் ஆட்களின் பேர் எழுதி எழுதி விறைத்துப்போன இந்த விரல்களோடு. ஆபீஸ் விட்டதும் நேரே மாதா கோயிலுக்குப் போய், பியானோ முன்னால் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். சனிக்கிழமைகளில் உன் மகள் ஷாலினி பதுளையிலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லித் தருகிறாள். உன்னைப் போல அவளுக்குப் பொறுமை இல்லை. "மாமா, அந்த விரல் இல்லீங்க" என்று என் கையைத் தட்டிவிடுகிறாள்.

நீ போன பிறகு யாரும் அந்தப் பியானோவைத் திறக்கவில்லை. கிறிஸ்மஸ் பூசைக்குக்கூட வெறும் வாயால்தான் பாடினோம். பாடி முடித்து வெளியே வரும்போது, நானே படித்துவிடலாம் என்று தோன்றியது. ஷாலினியிடம் சொன்னேன். அடுத்த வாரமே, போன் மாதிரிப் பெரிய திரை வைத்த உன் டெப்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். "அம்மாவோட பாட்டெல்லாம் இதுலதான் இருக்கு, மாமா."

அந்த டெப்பைப் பற்றி உன்னோடு பேசத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன். அன்றைக்கு உன்னை நாலு பேர் முன்னால்தானே திட்டினேன்.

நீ அதை முதன்முதலாகப் பியானோமேல் நிறுத்தி வைத்த ஞாயிறு உனக்கு மறந்திருக்காது. பாட்டு நடுவில் உன் கை திரையைத் தடவியது; வாசிப்பு நின்றது. மறுபடி தடவினாய், மறுபடி நின்றது. பாடியவர்கள் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. கோயில் கமிட்டிச் செயலாளரின் தங்கச்சி அல்லவா நீ.

பூசை முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போதே சொன்னேன்: "கோயிலுக்குள்ள இந்த வெளையாட்டுச் சாமான் வேணாம். இத்தன வருசமா புத்தகத்தப் பாத்துத்தான வாசிச்ச? அதையே பாத்து வாசி."

நீ டெப்பை மூடிக் கையில் எடுத்தாய். பிறகு, "சரிண்ணே" என்றாய். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு புத்தகத்தோடு வந்தாய். தப்புத் தப்பாக வாசித்தாய். அதற்கும் திட்டினேன், பழக்கம் விட்டுப்போச்சு என்று. அதற்கடுத்த வாரம் கை வலிக்கிறது என்றாய். பிறகு பியானோ பக்கமே போகவில்லை. எட்டு மாதம் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். ஒரு நாள் நெஞ்சுவலி என்று பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தோம்.

டெப்பைத் திறந்த முதல் நாள், அது பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். திரை முழுக்க நாலைந்து இசை நோட்டுகள்தான் தெரிந்தன. ஒவ்வொன்றும் கோழி முட்டை அளவு. அடுத்ததைப் பார்க்க விரலால் தள்ள வேண்டும். நான் திரையைக் கிள்ளிச் சின்னதாக்கப் பார்த்தேன். ஷாலினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா அப்பிடித்தான் வச்சிருந்தாங்க, மாமா. சின்னதா இருந்தா அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"ரத்தத்துல சீனி கூடி, அந்த வருத்தத்துல கண்ணு போயிட்டே இருந்துச்சு. ரெண்டு வருசமா கிளினிக் போனாங்களே. ஒங்களுக்கு நெசமாவே தெரியாதா?"

எனக்குத் தெரியாது, ஜெசி. மாதம் ஒரு தடவை பதுளைக்கு பஸ் ஏறுவாய். கேட்டால் "கடைக்குப் போறேண்ணே" என்பாய். ஒரு முறை நானும் அதே பஸ்ஸில் வந்தேன். படியில் இறங்கும்போது என் கையை இறுகப் பிடித்தாய். பாசம் என்று நினைத்தேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். ஷாலினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க ஆபீஸ்ல இருக்கீங்க, மாமா. தெரிஞ்சா பிள்ளை மடுவத்து வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்கன்னு பயந்தாங்க. அண்ணனுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனாங்க."

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மச்சான் போன பிறகு அந்த வேலைதான் உன்னை நிறுத்தி வைத்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? கண் தெரியாதவள் கையில் கைக்குழந்தைகளா என்று மேனேஜர் துரையிடம் சொல்லியிருப்பேனா? இல்லை, உன் பக்கம் நின்றிருப்பேனா? மனதைத் தொட்டுக் கேட்டுப் பார்க்கிறேன். நீ பயந்தது சரிதானோ என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஷாலினி ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள், பிரிக்காத பெட்டி. உள்ளே ஒரு மிதி; அதைக் காலால் மிதித்தால் டெப்பில் பக்கம் தானாகத் திரும்புமாம். அந்த ஞாயிறு நீ தடுமாறியதைக் கேள்விப்பட்டு அவள்தான் வரவழைத்திருக்கிறாள். "அது வந்தப்போதான் நீங்க வேணாம்னுட்டது தெரிஞ்சுச்சு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

போன மாதம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "எந்தங்கச்சிக்குக் கண்ணு தெரியல. நான் கேக்கல. கேக்காமலே வேணாம்னு சொன்னேன்." யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருவர், "போனவங்களப் பத்தி இப்ப எதுக்குங்க" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

போன ஞாயிறு பூசையில் முதன்முதலாக வாசித்தேன். உன் டெப்பை, நீ வைத்த அளவிலேயே நிறுத்தி, பெட்டியைப் பிரித்து அந்த மிதியைக் காலடியில் வைத்திருந்தேன். மிதிக்க வேண்டிய நேரத்தில் மிதிக்காமல் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ஜெசி. எனக்காக மெதுவாகப் பாடினார்கள். வெளியே வந்ததும் கை குலுக்கி, "பரவால்லீங்க, பழகிரும்" என்றார்கள். உன்னிடம் ஏன் ஒருவரும் அந்த ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் முந்திக்கொண்டு திட்டியதால்தானே?

வருகிற மாதம் உன் ஆண்டுப் பூசை. உனக்குப் பிடித்த அந்த மாதா பாட்டை நான் வாசிப்பேன். எத்தனை இடத்தில் நின்றாலும் எழுந்து போகாமல் முடிப்பேன். இது சத்தியம்.

மன்னிப்பைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ "சரிண்ணே" என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

கூடப் பிறந்தும் உன்னை ஒரு வார்த்தை கேட்காத
உன் அண்ணன்,
அல்போன்ஸ்
லுணுகலை